கூரைச் சாவி என்னிடம் இருக்கிறது

முகிலா,

முதலில் உட்கார். கைப்பேசியைக் கவிழ்த்து வை. நானும் உன் அப்பாவும் கோயிலுக்குப் போயிருக்கிறோம், மதியம் வரைக்கும் வரமாட்டோம். நீ பெட்டி அடுக்க வந்திருப்பாய். இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு மேலே இந்தக் காகிதங்கள் இருக்கும். "என்னம்மா இது, வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கலாமே" என்று நீ முணுமுணுப்பது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரியாதா எனக்கு? நான் ஒரு பக்கம் எழுதுவேன், நீ "ஓகே மா" என்று போட்டு முடித்துவிடுவாய். போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பாய். நேரில் சொல்லலாம் என்றால் எனக்குக் கோபம் வந்து பாதியில் எழுந்து போய்விடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை நீ சரவாக் மாநிலத்துக் குச்சிங்குக்கு விமானம் ஏறுகிறாய், புராஜெக்ட் மேனேஜராக. அந்தப் பதவி உனக்கு எப்படிக் கிடைத்தது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கம்பெனி எங்கள் பல்கலைக்கழகத்தில் சோலார் பேனல் போட வந்தபோது என்னைப் போல் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக அங்கே பராமரிப்புப் பிரிவின் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். குழாய் ஒழுகுகிறது, ஃபேன் சுற்றவில்லை, கதவு சாத்தவில்லை, கழிவறையில் விளக்கு எரியவில்லை. ஒரு நாளும் யாரும் என் கவுண்டருக்கு நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் என் மகன் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைட் சூப்பர்வைசராக வந்து நின்றான். கேண்டீன்காரம்மாவில் தொடங்கி கேட்டில் நிற்கும் பாதுகாவலர் வரை ஒருவரையும் விடவில்லை நான். "வெயிலு இருக்குல்ல, அதைப் பிடிச்சு கரண்ட்டா மாத்துறது என் மகன்தான்" என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. கூரைச் சாவிகள் என் டிராயரில்தான் இருக்கும். எந்தக் கட்டடத்தின் கூரைக்கு யார் ஏறுவதாக இருந்தாலும் சாவிப் புத்தகத்தில் பெயர், காரணம், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். நீயும் தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போடுவாய். மற்றவர்களுக்கு முன்னால் என்னை "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு, சாவியோடு சேர்த்து நான் கட்டி வைத்திருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போவாய். அந்த எட்டு மாதமும் நான் வேலைக்குப் போகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

சோலார் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். நம் ஜொகூரில் வெயிலுக்கு என்ன குறைச்சல்? வீணாகப் போகிற வெயிலில் விளக்கு எரிந்தால் நல்லதுதானே. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். மாணவியர் விடுதிக்கு முன்னால் ஒரு பெரிய அங்சானா மரம் நின்றது. அதன் நிழல் பேனலில் விழுகிறது என்று வெட்டினீர்கள். நான் பல வருஷம் உட்கார்ந்து சாப்பிட்ட நிழல் அது. போகட்டும், வேலை என்றால் அப்படித்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். திறப்பு விழாவன்று வரவேற்புக் கூடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டி வைத்திருந்தீர்கள். இன்று உற்பத்தியான மின்சாரம் இத்தனை மரங்கள் நட்டதற்குச் சமம் என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. "வெட்டின மரத்தை அதுல கழிச்சாங்களா தம்பி?" என்று நான் உன் காதில் கேட்டேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு பெரிய மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்த, எல்லாரோடும் சேர்ந்து நாமும் கைதட்டினோம். திரையில் என்ன வருகிறதோ அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் நம் இரண்டு பேருக்கும் அன்றைக்கே வந்துவிட்டது.

அடுத்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. மாணவியர் விடுதியின் மேல்மாடியிலிருந்து முதல் புகார் வந்தது. கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகுகிறது, சோலார் போடுவதற்கு முன்னால் இப்படி இல்லை என்று அந்தப் பெண் தெளிவாக எழுதியிருந்தாள். நான் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ பதறவே இல்லை. "ஓட்டை போட்ட இடத்துல கொஞ்சம் சிலிகான் விட்டிருக்கும்மா. சனிக்கிழமை ஆள அனுப்புறேன். இப்போதைக்கு மூடி வைங்க லா, எல்லாத்தையும் ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் நேரம்" என்றாய். எங்கள் ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு புகார் ஒரு வாரத்துக்கு மேல் முடியாமல் கிடந்தால் கம்ப்யூட்டரில் சிவப்பாகிவிடும். சிவப்பு கூடினால் மாதக் கூட்டத்தில் என் மேலதிகாரி திட்டு வாங்குவார், அவர் வாங்கியதில் பாதி எனக்கு வந்து சேரும். அதனால் கான்ட்ராக்டர் "வர்றேன்" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னாலே புகாரை 'செலெசாய்' என்று மூடிவிடுவோம். செலெசாய், முடிந்தது. எப்படியும் வரப்போகிறார்கள், இன்றைக்கு மூடினால் என்ன, நாளைக்கு மூடினால் என்ன என்று ஒரு சமாதானம். எத்தனையோ பேருடைய வாக்கை நம்பி நான் அப்படி மூடியிருக்கிறேன். பெரும்பாலும் வந்தும்விடுவார்கள். வராதவன் என் மகன்தான்.

சனிக்கிழமை ஆள் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. தீபாவளி முடியட்டும் என்றாய், பிறகு வருஷம் பிறக்கட்டும் என்றாய், ஆள் பற்றாக்குறை என்றாய், பத்து பகாட் ஊரில் இருக்கும் சைட்டில் அவசரம் என்றாய். புகார்கள் மட்டும் தவறாமல் வந்தன. மொத்தம் பதினொன்று. பதினொன்றையும் நான்தான் மூடினேன். ஒவ்வொரு தடவையும் மவுஸை அழுத்தும்போது உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை நான் உனக்காகச் செய்வது முதல் தடவை இல்லை, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாம் மூவாரில் இருந்தபோது, நீ நாலாம் ஆண்டு படிக்கையில், பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருந்தார்கள். பள்ளி விடுமுறை முழுக்க நீ அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ஞாபகம் வந்து அழுதுகொண்டே என்னிடம் வந்தாய். போய்ப் பார்த்தால் ஆறு செடியும் காய்ந்து விறகாகிக் கிடந்தன. மறுநாள் விடியற்காலையில் நம் வீட்டுத் தொட்டியில் இருந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய், வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே நுழைந்து, செத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் நட்டுவிட்டு வந்தேன். சபைகூடலில் டீச்சர் உன்னை முன்னால் அழைத்துப் பாராட்டி ஒரு பேனா கொடுத்தார். சாயங்காலம் அந்தப் பேனாவை என்னிடம் காட்டிக் கண்ணைச் சிமிட்டினாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். பிள்ளைப் பாசம் என்று நினைத்தேன் அதை. சுத்த முட்டாள்தனம். அன்றைக்கு உன் முதுகில் இரண்டு போட்டு, "போ, போய் டீச்சர்கிட்ட நீயே சொல்லு" என்று அனுப்பியிருக்க வேண்டியவள் நான்.

ரேணுகாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நீ அந்தப் பெயரை என் வாயிலிருந்து இரண்டு தடவை கேட்டிருக்கிறாய், இரண்டு தடவையும் பேச்சை மாற்றினாய். சாஆ என்ற ஊரிலிருந்து வந்த பெண், இரண்டாம் ஆண்டு மாணவி. அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். பதினொரு புகாரில் நான்கு அவள் எழுதியது. மூன்றாவது புகாரை நான் மூடிய பிறகு கவுண்டருக்கு நேரிலேயே வந்தாள். கையில் ஈரத்தில் உப்பிப்போன நோட்டு. சண்டை போட வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. சண்டை போட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன்.

"ஆண்ட்டி, சிஸ்டம்ல செலெசாய்னு காட்டுது. ஆனா யாருமே வரலையே. யாரு ஆண்ட்டி முடிச்சாங்க?"

"கான்ட்ராக்டர் வந்து பார்த்துட்டுப் போயிருப்பாங்கம்மா. நீ கிளாஸ்ல இருந்திருப்ப."

"இல்ல ஆண்ட்டி. நேத்து மழையிலகூட பக்கெட் ரொம்பிருச்சு. கட்டில இழுத்துக் கதவு கிட்ட போட்டுட்டோம்."

"அப்படியா? சரி, மறுபடியும் ஒரு புகார் போட்டு விடும்மா."

"சரிங்க ஆண்ட்டி. தேங்க்யூ ஆண்ட்டி."

தேங்க்யூ என்றாள், முகிலா. அவள் படியிறங்கிப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் அவளுடைய நான்காவது புகார் வந்தது. உனக்குப் போன் செய்தேன், மீட்டிங் என்றாய். மூடினேன்.

மூடிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்கு லாயாங் லாயாங் ஊர் ஞாபகம் வந்தது. நான் அங்கே எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும், அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால் அதிகம் சொன்னதில்லை. எங்கள் வீட்டுத் தகரக் கூரை நாங்கள் படுக்கிற இடத்திலேயே ஒழுகும். என் அப்பா ரப்பர்ப் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போய் நிற்பார். உள்ளே கிராணி. எஸ்டேட் கணக்கு வழக்கெல்லாம் எழுதுகிறவர், அவரும் நம் தமிழர்தான். தலையைத் தூக்காமல் "எழுதியாச்சு, போ" என்பார். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு நம்பருக்கு நேராக வேலை முடிந்தது என்று எழுதியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கிராணியிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார்: "அப்ப நம்ம மேல விழுறது என்னாம்மா?" அந்தக் கிராணியை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். நான் படித்து அரசாங்க வேலைக்கு வந்ததே அவரைப் போன்றவர்களிடம் போய் நிற்கக் கூடாது என்றுதான். கடைசியில் அவருடைய நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். இதை நினைத்தால் எனக்கு உன் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா? இல்லை. உன் கம்பெனி எங்கள் பிரிவிடம் ஒரு கடிதம் கேட்டது: இந்தத் திட்டத்தின் மேல் நிலுவையில் புகார் எதுவும் இல்லை என்று. கம்ப்யூட்டரைத் தட்டினால் உண்மையிலேயே ஒன்றும் இல்லைதான், எல்லாவற்றையும்தான் நான் மூடிவிட்டேனே! அந்தக் கடிதத்தை நானே டைப் செய்தேன், என் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து நீ கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாய். "புகாரே இல்லாத ஒரே சைட் என்னோடதுதான்னு பாஸ் எல்லார் முன்னாலயும் சொன்னாரும்மா. சரவாக் புராஜெக்ட் எனக்குத்தான்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய். உன் அப்பா கைதட்டினார். நான் அந்தக் கேக்கை ஒரு வாய் சாப்பிட்டேன். இப்போது சொல்கிறேன், அது எனக்கு இறங்கவில்லை.

போன புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் வயர் போகிற குழாயோடு ஓடி வந்து, மேல்மாடி நடைபாதையில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி டப்பென்று வெடித்துப் புகைந்தது. மாடி முழுக்க கரண்ட் போனது. பிள்ளைகள் அலறிக்கொண்டு அறையை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். நடைபாதையெல்லாம் தண்ணீர். ரேணுகா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. பெட்டி வெடித்ததற்குப் பதிலாக அந்தத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அதைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நீ.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா சாஆவிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு நேராக என் கவுண்டருக்கு வந்தார். புகார் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ கவுண்டர் மேலே ஒரு பை நிறைய முறுக்கை வைத்தார். "அக்கா, நீங்கதான் எம்பொண்ணு சொன்ன ஆண்ட்டியா? நம்ம தமிழ் அம்மா ஒருத்தங்க ஆபீஸ்ல இருக்காங்க, புகார் எழுதினா அவங்க பார்த்துக்குவாங்கன்னு சொல்லும். அந்தத் தைரியத்துலதாங்க்கா விட்டுட்டுப் போனேன். இன்னும் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்குங்கக்கா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவலப்படாதீங்க" என்றேன். அந்த முறுக்குப் பை இன்னும் பிரிக்காமல் என் டிராயரில் இருக்கிறது, கூரைச் சாவிகளுக்குப் பக்கத்தில்.

அன்றைக்கு மதியம் உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை நீ மறந்திருப்பாய், எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"அலமாக்! எப்படிம்மா விழுந்துச்சு? சரி, இன்சூரன்ஸ் பார்த்துக்கும்."

"தம்பி, நீ வந்து கூரைய ஒரு தடவ பாரு."

"என் ஸ்கோப் முடிஞ்சிருச்சும்மா. ஹேண்ட்ஓவர் ஆயாச்சு. இப்ப மெயின்டெனன்ஸ் டீம்தான் பார்க்கணும்."

"அந்தப் பதினோரு புகாரையும் நான் திறக்கப் போறேன்."

அதற்கு நீ சொன்னாய்: "இப்பத் திறந்தீங்கன்னா அந்த லெட்டர் என்னாகும்? என் நிலைமைய யோசிங்கம்மா. நீங்களே மூடிட்டு நீங்களே திறப்பீங்களா? நான் குச்சிங் போய்ச் சேர்றவரைக்குமாவது சும்மா இருங்க லா."

அவளுடைய எந்தக் கை முறிந்தது என்று நீ கேட்கவில்லை. அவள் எழுதுகிற கையா என்று கேட்கவில்லை. விழுந்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. உன்னைப் பெற்று வளர்த்த இந்த முப்பது வருஷத்தில் நான் உன் மேல் இவ்வளவு எரிச்சல் பட்டதில்லை. நீ கெட்டவன் என்று எனக்குத் தோன்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீ கெட்டவன் இல்லை. செத்த செடிக்குப் பதிலாக யாராவது வேறு செடி நட்டு வைப்பார்கள் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான்தான்.

போனை வைத்துவிட்டு நான் கூரைச் சாவியை எடுத்தேன். சாவிப் புத்தகத்தில் என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக. டெக்னீஷியன் அஸ்மான் பயந்துபோய், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி "கக், உங்க முட்டிக்கு இது ஆகாது" என்று தடுத்தார். வாயை மூடிக்கொண்டு ஏணியைப் பிடி என்றேன். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டி, பின்னால் அவர் ஏற, முன்னால் நான் ஏறினேன். மேலே நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். வரிசை வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி, அதில் மேகம் தெரிகிறது. குனிந்து அடியில் பார். பேனலைத் தாங்குகிற காலுக்காகத் தகரத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். குறி தவறிப் போட்ட ஓட்டை பக்கத்திலேயே இருக்கிறது, அதன் மேல் சிலிகான் பசையைத் தடவிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள். ரப்பர் வாஷர் இருக்க வேண்டிய இடத்திலும் அதே பசைதான். வெயிலில் அது காய்ந்து வெடித்து, நகத்தால் தொட்டால் உரிந்து வருகிறது. எனக்கு உன் தொழில் தெரியாது. ஓட்டை எது, அடைத்தது எது என்று பார்க்கத் தொழில் தெரிய வேண்டியதில்லை.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். உன் ஆட்கள் அவசரத்தில் செய்துவிட்டார்கள் என்று இன்னொரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு டிக் போட்டிருந்தது. சரிபார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம் என்று அஸ்மான் சொன்னார். டிக்கின் வாலை நீட்டி இழுத்து நுனியில் சுழிப்பது யாருடைய கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் ஆண்டிலிருந்து உன் கணக்குப் புத்தகத்தில் பார்த்த டிக் அது. ஓட்டைக்குப் பக்கத்தில் உன் டிக். வெடித்த பசைக்குப் பக்கத்தில் உன் டிக். ஓர் இடத்தில் ஸ்க்ரூவே இல்லை, அங்கேயும் உன் டிக். நீ மேலே உட்கார்ந்து பார்க்காமல் போட்டாய், நான் கீழே உட்கார்ந்து பார்க்காமல் போட்டேன். நடுவில் ஒரு பெண் பக்கெட் வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். அந்தச் சூட்டிலேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். அஸ்மான் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். மூவார் நாற்காலித் தொழிற்சாலையில் பாலிஷ் பிரிவில் இருந்தவர் அல்லவா, பேச்சில் அந்த வேலைதான் வந்தது. "நானும் எத்தனையோ விரிசல புட்டி வெச்சு அடைச்சிருக்கேன். சூப்பர்வைசர் சொன்னா அடைக்கத்தான் வேணும். ஆனா எந்த நாற்காலியில எங்க அடைச்சேன்னு எனக்குத் தெரியும். இவன் மேல போயும் பார்க்கவே இல்ல போலருக்கே" என்றார். எழுந்து போய் டிவியை அணைத்தார்.

உனக்கு அறிவுரை சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். சரவாக்கில் வேளாவேளைக்குச் சாப்பிடு, புது ஆட்களிடம் குரலை உயர்த்தாதே, அங்கேயும் கோயில் இருக்கிறது போய்க்கொள் என்றெல்லாம். எழுதிப் பார்த்தால் எதுவும் ஒட்டவில்லை. எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அங்கே உனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்வார்களாம். அவர்களும் டிக் போடுவார்கள். நீ பார்க்காமல் டிக் போட்டவன் என்றால் அவர்கள் போடுவதை எந்த முகத்தோடு சரிபார்ப்பாய்? அங்கே கூரை இல்லை, தரையில்தான் பேனல் என்று சொல்லித் தப்பிக்காதே. தரையிலும் மழை பெய்யும்.

இனி நான் செய்ததைக் கேள். வெள்ளிக்கிழமை காலையில் பதினொரு புகாரையும் திறந்துவிட்டேன். கான்ட்ராக்டர் வரவில்லை, நான் தவறாக மூடினேன் என்று ஒவ்வொன்றிலும் என் பெயரைப் போட்டே எழுதினேன். பிறகு மேலதிகாரியிடம் போய், அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் என் மகன், அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னேன். மனிதர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "கக், அடுத்த வருஷம் பென்ஷன். இப்பப் போய் எதுக்கு இது?" என்றார். எனக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வரும், விசாரணையும் இருக்கும். வரட்டும். உன் கம்பெனிக்கு நாளை திங்கட்கிழமை மதியம் எங்கள் ஆபீஸிலிருந்து மெயில் போகிறது. உன் பதவி நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது. போனால் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. அது தெரிந்துதான் செய்திருக்கிறேன். என் மேல் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, தாராளமாகப் படு.

ஆனால் மெயில் மதியம்தான் போகிறது. என் கவுண்டர் காலை எட்டு மணிக்குத் திறக்கும். இடையில் நாலு மணி நேரம் இருக்கிறது, அதை நான்தான் மேலதிகாரியிடம் கெஞ்சி வாங்கினேன். என்னதான் திட்டினாலும் உன் அம்மாதானே நான், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் உன் பாஸிடம் நீயே போன் செய்து சொல்ல ஒரு வழி விட்டு வைக்கத் தோன்றியது. உனக்காக நான் செய்கிற கடைசிச் சலுகை இது. பழைய ஹெல்மெட் உன் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. ரப்பர் வாஷர் எங்கே வாங்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். நாசி லெமாக் கட்டி வைக்கமாட்டேன்.

கூரைச் சாவி என் டிராயரில் இருக்கிறது. வந்து எல்லாரையும் போல வரிசையில் நில், புத்தகத்தில் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். வேலை முடிந்தது என்ற கட்டம் ஒன்று கடைசியில் இருக்கிறதே, அதில் நீ டிக் போடாதே. நானும் போடமாட்டேன். ஒரு நல்ல மழை பெய்யட்டும். ரேணுகா அந்தக் கட்டிலைக் கதவுப் பக்கத்திலிருந்து பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுப் படுத்து, நனையாமல் எழுந்திருக்கட்டும். அதற்குப் பிறகு அவளே என் கவுண்டருக்கு வந்து, இடது கையால் அந்த டிக்கைப் போடுவாள்.

அம்மா